டிரசர் காடியின் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆயர் ஈத்தாமில் உங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் பதினோரு வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த மோரிஸ் மைனர் இப்போது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. 1960ஆம் வருடத்துக் காடி. பட்டறைக்காரர் ஒரு செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய இஞ்சினையும் கியர் பெட்டியையும் இறக்கிவிட்டு ஜப்பான் இஞ்சின் ஏற்றுவது, ஏர்கோன் போடுவது, புளூடூத் ரேடியோ மாட்டுவது, கதவுத் தூணில் இருக்கும் கைகாட்டியைப் பிடுங்கி அந்த ஓட்டையை அடைப்பது, தரைக்கும் கதவுக்கும் சத்தம் தடுக்கும் பாய் ஒட்டுவது. “இதையெல்லாம் செய்தால் சத்தமே இல்லாமல் புதுக் காடி மாதிரி ஓடும் என்கிறார். செய்யலாமா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் அது டீச்சர் போட்ட உத்தரவாகிவிடும். உங்களைப் போலவே தாத்தா காடியை வைத்துக்கொண்டு யோசிக்கும் பிள்ளைகள் பினாங்கில் இன்னும் சிலர் இருப்பார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

என் அப்பா செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரசராக இருந்தார். உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த வேலையே தெரியாமல் போயிருக்கலாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, பிரசவம் சிக்கலானால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் டிரசர் தலையில்தான். 1963இல் அப்பா ஒரு மைனர் வாங்கினார். ஐந்து வருடம் ஓடிய 1958ஆம் வருடத்துக் காடி. பச்சை நிறம். அதே காடிதான் இன்று தண்ணீர்மலைப் பக்கம் என் வீட்டு வாசலில் நிற்கிறது.

ராத்திரியில் தொழிலாளர் லயத்திலிருந்து யாராவது சைக்கிளில் வந்து கூப்பிடுவார்கள். அப்பா சட்டையை மாட்டுவதற்குள் நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. லயத்துக்கு முன்னால் ஒரு சரிவு. சரிவில் இறங்கும்போது அப்பா எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுப்பார். உடனே பின்னால் குழாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும், படபடவென்று, முரட்டுத் துணியை யாரோ நிறுத்தாமல் கிழிக்கிற மாதிரி. மைனர் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டதும் லயத்தில் வீடு வீடாக விளக்கு எரியும். “டிரசர் காடி வந்துருச்சு” என்று ஒரு குரல் உள்ளே போகும். நாங்கள் போய் நிற்கும்போது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். தோட்டத்துக்குள் அப்பா ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை. அடிக்கத் தேவை வந்ததில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் மைனர் என்றால் வேறு ஆள். சில்க் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, அப்பன் சேர்த்த சொத்து. இங்கே நான் பார்த்து வளர்ந்த மைனரில் வந்தவர்கள் டிரசர், கிராணி, தமிழ்ப்பள்ளி வாத்தியார். மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியவர்கள். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் நினைத்ததும் அந்த மாதிரிக் குடும்பங்களைத்தான். விலையில் சின்னக் காடி, ஓட்டுவதில் பெரிய காடிக்குக் குறையாத காடி. மாதிரி வண்டி தயாரான பிறகு அகலம் போதவில்லை என்று அவர் மனதுக்குப் பட்டது. அதை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் சேர்த்தார். உங்கள் தாத்தா காடியின் பானெட் நடுவே மேடாக ஒரு பட்டை ஓடும். அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு அது. ஒருதரம் கையால் தடவிப் பாருங்கள். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதலில் நின்ற அந்தக் காடி, 1971 வரைக்கும் 16 லட்சத்துக்கு மேல் தயாரானது. பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் காடி அதுதான். அந்தக் கணக்கைக் கொண்டாட 1961 தொடக்கத்தில் வெளிர் ஊதா நிறத்தில் சுமார் 350 காடிகளைத் தனியாகச் செய்து விட்டார்கள். தமிழ்நாட்டில் 2014 வரை புதிதாக வாங்க முடிந்த அம்பாஸடரும் மோரிஸ் வீட்டுப் பிள்ளைதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு.

வரலாறு போதும். சத்தத்துக்கு வருகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். இலக்கணத்தில் இரட்டைக்கிளவி வரும் நாளில் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் மைனரைச் சுற்றி நிற்க வைப்பேன். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, “கேட்கிறதை எழுதுங்கள்” என்பேன்.

சாவியைத் திருப்பினால் மைனரில் முதலில் பேசுவது இஞ்சின் இல்லை, பம்ப். எஸ்.யூ. மின்சார பம்ப், பானெட்டுக்குள் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். டக்டக்டக்டக் என்று அவசரமாக ஆரம்பிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் எண்ணெய் நிறைய நிறைய வேகம் குறையும். டக்... டக்... கடைசியாக ஒன்று. பிறகு அமைதி. கிண்ணம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியையும் இழுக்க வேண்டும். ஒரு வருடம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் நோட்டில் எழுதினாள்: டீச்சர் காடிக்குப் பசித்தால் டக்டக் என்கிறது, வயிறு நிறைந்ததும் சும்மா இருக்கிறது. பம்ப் வேலை செய்யும் விதத்தை அதைவிடச் சரியாக ஒரு மெக்கானிக் எனக்குச் சொன்னதில்லை.

இஞ்சின் பிடித்ததும் குடுகுடு. அதன் மேல் மெல்லியதாக, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி, டாப்பெட் சத்தம். முதல் கியர் மாற்றும்போது அவசரப்பட்டால் நறநற. பல்லைக் கடிப்பதற்கு நாம் சொல்கிற அதே நறநற, ஏனென்றால் இங்கேயும் கடிபடுவது பல்தான். மைனரின் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. காடி நிற்கும் முன் அதைப் போட்டால் கடிக்கும். பொறுத்துப் போட்டால் வலிக்காமல் விழும், பிறகு நேராக வெட்டிய பற்கள் ஒரு முனகலோடு காடியை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் கியர் விழுந்ததும் அந்த முனகல் நின்றுவிடும்.

கைகாட்டியைத்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். விசையைத் திருப்பினால் தூணுக்குள்ளிருந்து சட்டென்று ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே நீளும். உள்ளே ஒரு குட்டி பல்பு எரியும். ரயில் கைகாட்டி மரத்தின் சின்னத் தங்கை. திரும்பி முடித்ததும் கை மடங்கித் தூணுக்குள் படுத்துவிடும். மழைக்காலத்தில் சில நாள் எழ மறுக்கும். உள்ளேயிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்டினால் எழும். 1961இல் மைனருக்குப் பளிச்சிடும் விளக்கு வந்து கைகாட்டி போய்விட்டது. உங்கள் தாத்தா காடி கைகாட்டியோடு வந்த கடைசிக் காடிகளில் ஒன்று. அதைப் பிடுங்கி ஓட்டையை அடைக்கவா சொல்கிறார் அந்தப் பட்டறைக்காரர்?

தம்பி, இந்தச் சத்தங்களில் ஒன்றுகூட அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சேதி. எண்ணெய் வந்துவிட்டது, கியர் விழுந்துவிட்டது, கை நீண்டிருக்கிறது, சரிவில் இஞ்சின் காடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. ஓட்டுகிறவர் காதால் கேட்டே காடியின் உடம்பைத் தெரிந்துகொள்ளலாம். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது, இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வோம். காடியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கோளாறு என்று என்னைக் கேட்க மாட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை ஓடும் இஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டைனமோ, தண்ணீர் பம்ப், டைமிங் செயின் மூடி என்று இடம் மாற்றி மாற்றி வைப்பார். பக்கத்தில் லாரி ஓடும், வெல்டிங் நடக்கும், அவருக்கு எதுவும் கேட்காது. கண் திறந்ததும், “தண்ணீர் பம்ப் பேரிங். இன்னும் இரண்டு மாதம் தாங்கும்” என்பார். தாங்கும்.

ஒருதரம் நான் அவரிடம் டாப்பெட் சத்தத்தைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னேன். பள்ளிக்குள் நுழையும்போது அதிகமாகக் கேட்கிறது என்று எனக்குக் கூச்சம். அவர் ஃபீலர் கேஜை எடுத்து ஒரு தகட்டைப் பிரித்துக் காட்டினார். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே 0.012 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் சத்தம் போடுகிறது. அதைக் குறைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது, இருக்கையில் சரியாக உட்காராமல் ஓரம் எரிந்துபோகும். “சத்தம் போடுகிற டாப்பெட் பிழைக்கும், சத்தம் போடாதது செத்துப்போகும்” என்றார். பிறகு அளவைச் சரிபார்த்து அப்படியே மூடினார். காசு வாங்கவில்லை.

அவர் பட்டறையை மூடிய பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறொரு பட்டறையில், பழைய பம்ப் அடிக்கடி மக்கர் செய்யும், புது மாடல் போட்டால் சத்தமே இருக்காது என்றார்கள். சரி என்றேன். உண்மையில் சத்தமே இல்லை. ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மழை நாள் சாயங்காலம் தித்தி கெராவாங் வளைவில் காடி இரண்டு முறை குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பினேன். அமைதி. எண்ணெய் தீர்ந்ததா, குழாய் அடைத்ததா, பம்ப் செத்ததா, மின்சாரக் கோளாறா, ஒன்றும் புரியவில்லை. பழைய பம்ப் இருந்திருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருக்கும். விடாமல் டக்டக் என்று அடித்தால் எண்ணெய் வரவில்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. வாயே திறக்காவிட்டால் உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, செருப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அன்று இருட்டில் ஒன்றரை மணி நேரம் டுரியான் மரங்களுக்கு அடியில் நின்றேன். அடுத்த வாரமே இங்கிலாந்திலிருந்து எஸ்.யூ. பம்ப் வரவழைக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். முதல் நாள் அது டக்டக் என்று அடித்து ஓய்ந்தபோது அப்பா பக்கத்து சீட்டில் தொண்டையைக் கனைத்த மாதிரி இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எடுக்கிறேன். முதலில் ஊருக்குள் போவேன். கடைத்தெருவில் பூக்கடைகள் திறந்துகொண்டிருக்கும், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலிலிருந்து மணிச்சத்தம் வரும். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளுக்கு நடுவே மைனரை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ரோடு குறுகல், இரண்டு பக்கமும் ஐந்தடி நடைபாதை, தூண், சுண்ணாம்புச் சுவர். காடியின் சத்தம் நடைபாதைக்குள் புகுந்து தூணுக்குத் தூண் விட்டுவிட்டுத் திரும்பி வரும். இந்த வீடுகளைக் காப்பாற்ற 2008இல் யுனெஸ்கோ பட்டியல் வந்தது. ஓட்டுக் கூரையையும் மரச் சன்னலையும் பழைய மாதிரியே வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்லதுதான். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் கேட்ட சத்தத்துக்கு விதி இல்லை. அது நம் கையில்தான் இருக்கிறது.

பிறகு கர்னி வழியாகக் கடலோரம். தஞ்சோங் பூங்கா தாண்டியதும் முக்கோணக் கண்ணாடியைத் திறந்து விடுவேன். காற்று நேராக முகத்துக்கு வரும், பத்து பெரிங்கி வளைவுகளில் அலைச்சத்தமும் கூடவே வந்து போகும். நாற்பது மைலுக்கு மேல் போவதில்லை. வேகமானி டாஷ்போர்டு நடுவில் பெரிய தட்டாக இருப்பதால் கூட வருகிறவர்களும் பார்த்துக்கொள்ளலாம். தெலுக் பாஹாங் அணைக்கட்டைத் தாண்டி மலை ஏறும்போது மூன்றாம் கியர், பிறகு இரண்டு. 948 சிசி இஞ்சின், 37 குதிரைச் சக்தி. அது முழு மூச்சோடு உழைப்பதைப் பாதத்தில் உணரலாம். உச்சி தாண்டி பாலேக் பூலாவ் பக்கம் இறங்கும்போது காலை எடுத்தால், படபட. நான்கு சிலிண்டரில் நடு இரண்டுக்கும் சேர்த்துப் புகை போக ஒரே வாய்தான் அந்த இஞ்சினுக்கு. அந்தச் சீரற்ற மூச்சுக்கு அதுவும் ஒரு காரணம் என்று தவுக்கே சொல்வார். எனக்குக் காரணம் பெரிதில்லை. டுரியான் தோப்புகளுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்கும்போது லயத்தில் ஒவ்வொரு விளக்காக எரிவது எனக்குத் தெரியும்.

அப்பா காலத்தில் தீவுக்கு வர காடிக்கு ஃபெரிதான் ஒரே வழி. பாலம் 1985இல்தான் வந்தது. பட்டர்வொர்த்தில் வரிசையில் நின்று, இரும்புப் பலகை தடதடக்க ஏறி, இஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்து கடலைப் பார்ப்போம். கரை நெருங்கும்போது எல்லோரும் அவரவர் காடிக்குள் ஏறுவார்கள். ஃபெரி முட்டி நின்றதும் ஒரே நேரத்தில் எல்லா இஞ்சினும் கிளம்பும். ஆஸ்டின், மோரிஸ், ஃபோக்ஸ்வேகன், பென்ஸ் டாக்ஸி. கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று நானும் என் தம்பியும் பந்தயம் கட்டுவோம். 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரி காடி ஏற்றுவதில்லை. அந்தச் சத்தம் இனி எங்கேயும் இல்லை. ஒரு தனிக் காடியின் சத்தமாவது மிஞ்சட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் இல்லாமல் ஓடுவதுதான் முன்னேற்றம் என்று உங்கள் பட்டறைக்காரர் நினைக்கலாம். உலகம் அதையும் செய்து பார்த்துவிட்டது. மின்சாரக் காடி மெதுவாகப் போகும்போது வருவதே தெரியவில்லை, கண் தெரியாதவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஆபத்து என்று, 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் புது மின்சாரக் காடி ஒவ்வொன்றுக்கும் செயற்கைச் சத்தம் கட்டாயமாக்கிவிட்டார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை அது ஒலித்தாக வேண்டும். சரியான சட்டம்தான். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் இஞ்சின் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994இல் மனுப்போட்டு, ஆறு வருடம் வழக்காடி, 2000இல் கைவிட்டது. சென்னை திருவொற்றியூர் புல்லட் மோட்டார் சைக்கிளுக்குப் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் போய்ப் புது இஞ்சின் வந்தபோது, முதலில் எழுந்த கேள்வி அந்த டப்டப் இருக்குமா என்பதுதான். சத்தத்தின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு அது தாத்தா வீட்டுக் கொல்லையில் சும்மா கிடைத்திருக்கிறது.

எதையும் மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டதை மாற்றித்தான் ஆக வேண்டும். மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பதினோரு வருடம் சும்மா நின்ற காடியில் ரப்பர்க் குழாய், சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். கழற்றுவது சிரமம் என்பதால் சிலர் விட்டுவிடுவார்கள். விடச் சம்மதிக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் ஒருநாள் சக்கரம் உள்ளே மடங்கிக் காடி முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். சீட்டு வார் கட்டாயம் போடுங்கள். கைகாட்டியை விட்டுவைத்துவிட்டு, கூடவே முன்னும் பின்னும் பளிச்சிடும் விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று ரோட்டில் வருகிறவர்கள் தூணிலிருந்து ஒரு கை நீளும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்திலேயே 2021இல் அல்ஜீரியாவோடு முடிந்துபோனது. இந்த இஞ்சின் அந்தப் பெட்ரோலுக்குச் செய்தது. ஆகவே ஹெட்டைக் கழற்றும்போது வால்வு உட்காருமிடத்தில் கெட்டியான இரும்பு வளையம் பதிக்கச் சொல்லுங்கள். இந்த மாற்றங்களில் ஒன்றும் சத்தத்தைத் தொடாது.

ரேடியோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மைனரில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும், இன்றைய காடிக்கு நேர்மாறு. தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைந்துபோகும். இஞ்சின் மாற்றுவது என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் அனுமதி வாங்கி, புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கு நிறுத்தி, கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், இஞ்சின் எண்ணையும் மாற்ற வேண்டும். அந்த எண் உங்கள் தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிய எண். கழற்றிப்போட்ட இஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், திரும்பி வராது. பாகம் கிடைக்காது என்று யாராவது பயம் காட்டினால் நம்பாதீர்கள். மைனருக்கு இன்றும் இங்கிலாந்தில் பாகம் செய்கிறார்கள். 1990களில் நம் பக்கத்து இலங்கையிலேயே ஒரு தொழிற்சாலை மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஏர்கோனுக்குப் பதில் ஒன்றுதான் சொல்ல முடியும்: வெயிலுக்கு முன் கிளம்புங்கள்.

நீங்கள் எழுதிய கணக்கில் பாதிக் காசில் இதெல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். மீதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காடிக்கு மழைக்காலம் தோறும் துருவுக்கு ஒரு செலவு வரும், அதுவும் கடல் காற்றடிக்கிற இந்தத் தீவில்.

இஞ்சினை முதல்முறை கிளப்புவதற்கு முன் நான்கு ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் முன்பக்கத்து ஓட்டையில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் நல்ல சேதி. பழைய எண்ணெயை டாங்கியிலிருந்து முழுக்க இறக்கிவிடுங்கள். பிரேக் வேலை முடியும்வரை ரோட்டில் இறக்க வேண்டாம்.

அது முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு பெங்காலான் வெல்டில் ஃபெரித் துறை எதிரே வாருங்கள். நான் பச்சை மைனரோடு நிற்பேன். சாவியைத் திருப்பிவிட்டு உடனே கைப்பிடியை இழுக்காதீர்கள், பம்ப் ஓயும் வரை பொறுங்கள். ரேடியோ கொண்டுவர வேண்டாம். உங்கள் அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், தித்தி கெராவாங் இறக்கத்தில் அவருக்குத் தன் அப்பா ஞாபகம் வரும்.

அன்புடன்,
டிரசர் மகள்